பத்திரம் கையிலே, மனை யார் கையிலே?

கோவில்பதாகைப் பக்கம் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஏரியல்ல, விளம்பரப் பலகை. "குறைந்த விலையில் மனை", "உடனே பத்திரம்", "பாங்கிக் கடன் வசதி உண்டு", "ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிஷம்". அந்தப் பத்து நிமிஷம் எந்த வாகனத்தில் என்று மட்டும் பலகை சொல்வதில்லை!

பக்கத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, "சோஷலிச பாணிச் சமுதாயம்" அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி 2019-ல் மாநகராட்சியும் ஆயிற்று. வயலெல்லாம் மனையாயிற்று. ஆனால் அந்த வயலில் நாற்று நட்டவனுக்கும், அந்த ஆலையில் இயந்திரம் ஓட்டியவனுக்கும் தலைக்கு மேலே ஒரு கூரை என்பது இன்றைக்கும் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே காகிதத்தின் மீது வைத்துச் சூதாடுகிற காரியமாகவே இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு முதிய தோழர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருஷம் நூல் ஆலையில் வேலை செய்தவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு கத்தைப் பத்திரத்தை எடுத்து மேஜை மீது வைத்தார்.

"தோழர், இதிலே எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. பேரனுக்குச் செட்டில்மெண்ட் எழுதலாம்னு இருக்கேன்."

"அண்ணே, வாங்கினபோது யாரிடமாவது காட்டினீங்களா?"

"ரிஜிஸ்தர் ஆபீசிலேயே சீல் போட்டுக் கொடுத்தாங்களே தோழர், அப்புறம் யார் கிட்டே காட்டறது?"

இந்தப் பதிலை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவருடைய கதை இது: ஆலை மூடியபோது கிடைத்த பணத்தில் 2008-ல் அரை கிரவுண்டு வாங்கினார். அதாவது 1,200 சதுர அடி. விற்றது நிலச் சொந்தக்காரர் அல்ல. அவரிடம் "பவர்" வாங்கிய ஒரு தரகர். மனைப்பிரிவுக்கு "பஞ்சாயத்து அப்ரூவல்" உண்டு என்றார்கள். 2016 ஆகஸ்டில் மகள் கல்யாணத்துக்காக அதை விற்க ஏற்பாடு செய்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் எழுதி முன்பணம் ஒரு லட்சம் வாங்கினார். பணம் நகைக் கடைக்குப் போய்விட்டது. செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 8-ந் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். கடைசியில் மகளுக்குப் போட்ட நகையிலேயே பாதி அடகுக் கடைக்குப் போயிற்று. மனை இன்னமும் அவரிடம்தான் இருக்கிறது. அந்தத் துரதிர்ஷ்டத்தைத்தான் இப்போது பேரனுக்கு எழுதிவைக்க வந்திருக்கிறார்.

இதில் அவர் செய்த குற்றம் என்ன?

தடை யார் மீது விழுந்தது?

விளைநிலங்கள் கண்டபடி மனைகளாக வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டும் என்ற பொதுநல வழக்கில்தான் அந்தத் தடை வந்தது. நோக்கத்தில் நமக்கு மாறுபாடு கிடையாது. வயல் மனையானால் முதலில் கூலி இழப்பவன் விவசாயத் தொழிலாளி; அந்த மனையில் அவனுக்கு ஒரு சதுர அடி கூடக் கிடைப்பதில்லை. ஆனால் தடையின் அடி எவன் முதுகில் விழுந்தது என்று பாருங்கள்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம், 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் உரியது. பஞ்சாயத்துத் தலைவருக்குத் தன் சொந்த யோசனையில் ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது. இது தரகருக்குத் தெரியும். பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரியும். சர்க்காருக்கும் தெரியும். தெரியாதவன் மனை வாங்கியவன் ஒருவன்தான்! அங்கீகாரமில்லாத மனைகள் பல்லாண்டு காலமாகப் பகிரங்கமாகப் பதிவாகி வந்தன. ஒவ்வொரு பதிவுக்கும் சர்க்கார் முத்திரைத் தீர்வை வாங்கியது. பதிவுக் கட்டணம் வாங்கியது. "இது அங்கீகாரமில்லாத மனை, வாங்காதே" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க மட்டும் யாரும் இல்லை.

பிறகு ரிஜிஸ்திரேஷன் சட்டத்தில் 22-ஏ என்ற மாநிலத் திருத்தம் 2016 அக்டோபர் 20-ல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே வீட்டு மனையாக ஒரு தடவை பதிவான துண்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. வரன்முறை என்றால் என்ன? கட்டணம் கட்டித் தவறைச் சரிசெய்து கொள்வது. ரோடு போடாமல், வடிகால் விடாமல், பூங்காவுக்கு இடம் ஒதுக்காமல் விற்றுப் பணத்தை எண்ணிக் கொண்டு போனவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மனைக்காரன் அங்கேயே இருக்கிறான். ஆகவே கட்டணம் அவன் தலையில்! ஒரே மனைக்கு மூன்று தடவை பணம் கொடுத்தவன் உலகத்தில் நம் தொழிலாளியாகத்தான் இருப்பான். விற்றவனுக்கு ஒரு தடவை, பதிவின்போது ஒரு தடவை, விற்றவனின் பாவத்தைக் கழுவ ஒரு தடவை.

இன்றைக்கு மனை வாங்கும்போது பார்க்க வேண்டியது மனைப்பிரிவின் அங்கீகார எண். அந்த எண்ணைக் குழுமத்தின் ஏட்டில் ஒத்துப் பார்க்க வேண்டும். பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து நம்பக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்றால், 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இரண்டு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டாகப் பிய்த்து வெவ்வேறு பெயரில் விற்கிறவர்களைக் கண்டால், ஏன் அப்படிப் பிய்க்கிறார்கள் என்று இனி உங்களுக்குப் புரியும்.

சீல் விழுந்தால் சொந்தமாகிவிடுமா?

மஞ்சள் பைத் தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். ரிஜிஸ்தர் ஆபீசில் சீல் போட்டுக் கொடுத்த பிறகு என்ன பயம்?

பயம் இருக்கிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் மூலம்தான் விற்க முடியும். இது சரி. ஆனால் பதிவு செய்கிற அதிகாரி பார்ப்பது பத்திரத்தை; உரிமையை அல்ல. விற்கிறவனுக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே பாத்தியதை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லி, விற்பவர் உரிமையை நிரூபிக்கவில்லை என்று பதிவை மறுக்க இடமளித்த மாநில விதியைச் செல்லாதென்று தள்ளியது. சட்டம் எழுதிய காலத்திலிருந்தே கொள்கை இதுதான். இல்லாத சொத்தை விற்றாலும் பத்திரம் பதிவாகலாம். பதிவான பிறகும் சொத்து உங்களுடையதாகாமல் போகலாம்.

அப்படியானால் பத்து லட்ச ரூபாய் மனைக்கு, முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று நூற்றுக்கு 9 வீதம் 90,000 ரூபாய் வாங்கிக் கொள்கிறார்களே, அது எதற்கு? ஒரு காகிதத்தைப் பத்திரமாக நகலெடுத்து வைப்பதற்கு! 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணமே நூற்றுக்கு 4 என்று இருந்து, மொத்தம் 11 ஆக இருந்தது. ஏப்ரலில் கட்டணத்தை 2 ஆகக் குறைத்துவிட்டு, நிலத்தின் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய நிலைக்கு உயர்த்தினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பார்களே, அது இதுதான். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைகிறது. இருக்கிற சலுகையை விடாதீர்கள். வீட்டுப் பெண்கள் பெயரில் எழுதுங்கள். அது வேறு பல காரணங்களுக்காகவும் நல்லது.

உலகமெங்கும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-லேயே, சர்க்கார் ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், ஏட்டில் தவறு நேர்ந்து ஒருவன் நஷ்டப்பட்டால் ஈடு உண்டு என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். அங்கே சர்க்காரின் சீலுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. இங்கே சீலுக்குக் கட்டணம் இருக்கிறது, பொறுப்பு இல்லை.

ஆகவே உரிமையை நாமே தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வில்லங்கச் சான்று எடுங்கள். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஆனால் அதில் தெரியாதவை எவை என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். பதிவாகாத உயில் அதில் தெரியாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை தெரியாது. கோர்ட்டில் நடக்கும் வழக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கிய சொத்து அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதே என்று 52-வது பிரிவு சொல்கிறது. வில்லங்கச் சான்றில் "இல்லை" என்று வந்தால், ரிஜிஸ்தர் ஏட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். பட்டாவும் அப்படியே. அது வருவாய்த் துறையின் வரிக் கணக்கு. அதனால் மட்டும் உரிமை பிறந்துவிடாது. பட்டா, மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று வேறு கதை சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பவர் என்னும் பொறி

நம் பகுதியில் நடக்கும் மோசங்களில் பாதிக்கு மேல் இந்தப் "பவர்" மூலம்தான் என்பது என் அனுபவம்.

2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, பொது அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் என்று மூன்றை எழுதிக் கொண்டு சொத்தை விற்றதாகச் சொல்வது விற்பனையே ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் இன்றும், "பத்திரச் செலவு மிச்சம் அண்ணே, பவரே போதும்" என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். பவர் வாங்கியவன் சொந்தக்காரன் அல்ல, சொந்தக்காரனின் ஏஜெண்டு. சாதாரணமாகச் சொந்தக்காரர் இறந்த அன்றே அந்தப் பவரும் இறந்துவிடும். இறந்தவர் பெயரால் எழுதிய பத்திரம் எத்தனை சீல் தாங்கியிருந்தாலும் என்ன பிரயோஜனம்? பவர்காரரிடம் வாங்குகிறவர்கள் நேராகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். வெட்கப்பட வேண்டாம். பெண் பார்க்கப் போகிறோம், மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம். ஆயுள் சேமிப்பைக் கொடுக்குமுன் ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்று பார்த்தால் என்ன?

விற்கிறவர்களுக்கும் இதே பொறிதான். அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியிடம் கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டுப் "பவர் எழுதிக் கொடுங்கள், மனை போட்டு விற்று மீதியைத் தருகிறேன்" என்கிறான். பவர் கைமாறியதும் மனை விற்கிறது. மீதிப் பணம் வருவதில்லை. கேட்டால் காசோலை கொடுக்கிறான். காசோலை திரும்பி வருகிறது. வாங்கியவர்கள் நம்மைப் போன்ற தொழிலாளிகள். அவர்கள் மீது இந்த விவசாயி வழக்குப் போடுகிறார். இரண்டு ஏழைகள் கோர்ட்டில் நிற்கிறார்கள். மூன்றாமவன் அடுத்த ஊரில் பலகை நடுகிறான். முழுப் பணமும் கைக்கு வராமல் பவரிலோ கிரயத்திலோ கையெழுத்துப் போடவே கூடாது. மூலப் பத்திரத்தைத் தரகர் கையில் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்பதற்காகக் கொடுக்கவும் கூடாது.

வெள்ளைத் தாள் ஒப்பந்தமும் ஆபத்து. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடுக்கக் கோரும் வழக்கை மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். "தம்பி நல்லவன், எங்கே போயிடப் போறான்" என்று நாள் தள்ளியவர்களின் முன்பணம் எங்கே போயிற்று என்று அவர்களுக்கே தெரியாது.

விலையைக் குறைத்து எழுதும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு லட்சம் கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் ஏழு என்று எழுதினால், விற்பனை ரத்தாகும் நாளில் கோர்ட்டில் நீங்கள் நிரூபிக்கக் கூடியது ஏழுதான். மீதி ஐந்து லட்சத்துக்குச் சாட்சி கடவுள். அவர் சம்மனுக்கு வரமாட்டார். மேலும், அசையாச் சொத்துக்கான முன்பணத்தை ரூ.20,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாதென்று வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் விதி இருக்கிறது; வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். கறுப்புப் பணம் மனைக்காரனுடையது, வழக்கு நம்முடையது!

மண்ணுக்குள் புதைந்திருக்கும் சட்டங்கள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் மனை வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு பழைய விஷயம் உண்டு. 1978-ம் வருஷத்து நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். ஒருவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நகரத்தில் காலி நிலம் வைத்திருக்கக் கூடாது, உபரியைச் சர்க்கார் எடுத்துக் கொள்ளும் என்பது அது. உபரி நிலம் ஏழைகளுக்கு வீட்டு மனையாக வந்திருந்தால் இன்றைய விலைவாசியில் நமக்கு இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது. நடந்தது என்ன? நிலச் சொந்தக்காரர்கள் உபரி நிலத்தையே மனைமனையாக வெட்டி, விஷயம் தெரியாத ஜனங்களிடம் விற்றுவிட்டார்கள். 1999-ல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே சர்க்கார் முறைப்படி வசம் எடுத்துக் கொண்ட நிலம் சர்க்கார் நிலம்தான். அதில் வீடு கட்டியவர்கள் பட்டா கேட்டுப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அறியாமல் வாங்கியவர்களுக்காக 2008-ல் வரன்முறைத் திட்டம் ஒன்று வந்தது. அங்கேயும் கட்டணம் கட்டியவன் வாங்கியவனே. விற்றவன் நிலத்தை ஒரு தடவை சர்க்காருக்கும் மறு தடவை நமக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் செத்துப் போயிருப்பான்.

ஏரி ஊர்களில் இன்னொரு ஆபத்து. கோவில்பதாகையும் ஏரி ஊர்தான். புல அளவைப் படத்தில் வாய்க்கால் என்று கோடு போட்டிருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடத்தில் "20 அடி ரோடு" என்றிருக்கும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டிய வீட்டை 2007-ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி இடிக்கலாம். மின் இணைப்பு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது என்று நம்பினால் புல்டோசர் முன்னால் ரசீது நிற்காது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் தன் பழைய பத்திரத்தை மறப்பதில்லை. ஆகவே கிராமக் கணக்கில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் வகை அதில்தான் இருக்கும்: புறம்போக்கா, மேய்க்காலா, அனாதீனமா, கோயில் நிலமா என்று.

பஞ்சமி நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் படும் பாட்டைப் பற்றி அனுப்பிய அறிக்கையின் பேரில் 1892-ல் வெள்ளைக்கார சர்க்கார் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. நம்முடைய இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை அந்தச் செங்கற்பட்டில்தான் இருந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படியெல்லாம் கைமாறின என்பது பெரிய கதை. அதை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994-ல் செங்கற்பட்டுப் பகுதியில் காரணை நிலப் போராட்டத்தின்போது ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பஞ்சமி நிலத்தில் போட்ட மனையை, அது எத்தனை மலிவாக வந்தாலும் தொடக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது நம் சகோதரனின் வாயிலிருந்து பிடுங்கிய கவளம். அந்த நிலத்துக்குரிய விவசாயத் தொழிலாளித் தோழர்களும் அவசரத் தேவைக்காக ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட வேண்டாம்.

பெண்பிள்ளையின் கையெழுத்து

பூர்வீகச் சொத்து வாங்கும்போது அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பார்க்கிறோம். அக்கா தங்கைகளை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே கல்யாணமாகாத மகளுக்குப் பங்கு வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் பிறப்பாலேயே சமபங்கு கொடுத்தது. அப்பா எப்போது இறந்தார் என்பது தடையல்ல என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு முடித்து வைத்தது. 'சீர் செய்து அனுப்பியாச்சு, அதற்கு மேல் அவளுக்கு என்ன?' என்று கேட்கும் அண்ணன்மார்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மைனர் பிள்ளையின் பங்கு இருந்தால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு வந்து கதவைத் தட்டும்.

பாங்கியின் கணக்கு

"பாங்கியே லோன் கொடுக்கிறது, அப்படியானால் பத்திரம் சுத்தம்தானே?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. பாங்கியின் வக்கீல் பார்ப்பது பாங்கியின் பணத்துக்கு. மனை போனாலும் உங்கள் சம்பளமும் ஜாமீன்காரரும் பாங்கிக்கு மிச்சம். உங்களுக்கு என்ன மிச்சம்?

கணக்கைப் பாருங்கள். 20 லட்ச ரூபாய், 9 வீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய ரூ.17,995. முதல் மாதத் தவணையில் வட்டிக்கு 15,000 போய்விடும். அசலுக்குப் போவது 2,995. இருபது வருஷ முடிவில் கட்டியிருப்பது 43 லட்சத்துக்கு மேல். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு விலை.

வட்டி மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. மாறும் வட்டி என்றால்? 2022 மே தொடக்கத்தில் ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி நூற்றுக்கு 4 ஆக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. 7 வீதத்தில் 20 லட்சம் வாங்கியவரின் தவணை ரூ.15,506. ஒரு வருஷம் கட்டிய பிறகு வட்டி 9.5 ஆகிவிட்டால், பாக்கி அசலுக்கு மாத வட்டி மட்டுமே ஏறக்குறைய 15,450 ஆகிவிடுகிறது. தவணையை உயர்த்தாமல் விட்டால் அசலுக்குப் போவது மாதம் சுமார் ஐம்பது ரூபாய்! டீயும் வடையும் சாப்பிடும் காசு. தவணைத் தொகை மாறவில்லையே என்று தொழிலாளி நிம்மதியாக இருப்பான். தவணைக் காலம் அவன் ஓய்வு பெறும் வயதைத் தாண்டி ஓடிக் கொண்டிருக்கும். இப்படி நடந்த பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி, கடன்காரரிடம் சொல்லாமல் காலத்தை நீட்டக் கூடாது, நிலையான வட்டிக்கு மாறவும் வழி கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாங்கிக்குப் போய், பாக்கி அசல் எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று எழுத்தில் கேளுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் கொஞ்சம் அசலில் கட்டுங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பாங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 ஈடு. இது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி.

தவணை தவறினால்? 2002-ம் வருஷத்து சர்பேசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே பாங்கி வீட்டை எடுத்துக் கொள்ளலாம். எடுத்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் நாம் முறையிட வேண்டும். பெரிய முதலாளிகளின் வராக்கடனை வசூலிக்கத்தான் இந்தச் சட்டம் என்று சொன்னார்கள். அதன் வேகத்தை முழுமையாகப் பார்த்தவன் வேலையிழந்த தொழிலாளி. நோட்டீஸ் வந்தால் அலமாரியில் செருகிவிட்டு வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக் கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 60 நாளில்தான் பதில் எழுதவும், தவணையை மாற்றிக் கேட்கவும் வழி இருக்கிறது.

என்ன கேட்பது?

'ஜாக்கிரதையாக இரு' என்று வாங்குகிறவனுக்கு மட்டும் புத்தி சொல்வதோடு சர்க்காரின் கடமை தீராது. பதிவுக்கு வரும் ஒவ்வொரு மனைக்கும், நிலத்தின் வகை என்ன, உச்சவரம்பில் எடுத்ததா, பஞ்சமியா, நீர்நிலையா, அங்கீகாரம் உண்டா என்ற தகவல் எல்லாம் சர்க்காரின் வெவ்வேறு ஏடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒரே தாளில், பணம் வாங்குமுன், தமிழில் எழுதிக் கொடுக்கச் சட்டம் வேண்டும். கொடுத்த தாள் தவறாக இருந்தால் நஷ்டத்துக்குச் சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும். நூற்றுக்கு 9 வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்பது அதிகமா? வரன்முறைக் கட்டணத்தை மனைப்பிரிவு போட்டவனிடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி செய்ய வேண்டும். அவன் பெயர் எந்த ஏட்டிலும் மறைந்து கிடக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டு விற்ற ஒவ்வொரு பத்திரத்திலும் இருக்கிறது.

மஞ்சள் பைத் தோழரின் மனை 2016-க்கு முன்பே பதிவானது. ஆகவே பேரனுக்கு எழுதி வைக்கத் தடையில்லை. ஆனால் வரன்முறை ஆகவில்லை. ஆகாமல் அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. பட்டா இன்னும் முந்தைய சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது, "இதையெல்லாம் அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா" என்றார். நான் அன்றைக்கும் இதே அலுவலகத்தில்தான் இருந்தேன். அவர் கேட்கவில்லை, நாமும் போய்ச் சொல்லவில்லை.

மனை வாங்கவோ விற்கவோ இருக்கிற தோழர்கள் ஞாயிறு காலையில் சங்க அலுவலகத்துக்கு வரலாம். வக்கீல் தோழர் ஒருவர் இருப்பார். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வரவும். நகல் போதும், மூலப் பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.